சிவக்காத ஆலாத்தி

நம்ம வயசுக்காரிகளுக்கு ஆலாத்தி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பேத்திமாருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, விரல்நுனியில் துளி சுண்ணாம்பு எடுத்துக் கலக்கினால் குப்பென்று சிவக்கும். அதை முகத்துக்கு நேரே சுற்றி வாசலில் கொட்டினால் கண்ணேறு கழிந்தது. கல்யாணத்துக்குச் சுற்றுவார்கள், பிள்ளை பெற்று வந்தால் சுற்றுவார்கள், பெண் பெரியவளானாலும் சுற்றுவார்கள். எனக்குச் சுற்ற எடுத்த ஆலாத்தி சிவக்கவில்லை. அதனால் ஒரு தீபாவளி சீசனில் வாரக்கணக்காக வீட்டுக்குப் பின்னால் ஓலைக்குச்சுக்குள் அடைந்து கிடந்தேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு லித்தோ அச்சாபீசில் அப்பாவுக்கு வேலை. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்கிற இடம். துத்தநாகத் தகட்டில் படத்தை ஏற்றி, திராவகத்தில் கழுவி, மெஷினுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு, பிளேட்டுக்காரர் என்பார்கள். திராவகம் பெரிய கண்ணாடி ஜாடிகளில், சுற்றி வைக்கோல் திணித்து, லாரியில் வந்து இறங்கும். அப்பாவின் விரல்நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சின்னப் பிள்ளையில், அம்மா மாதிரி இவரும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறார் போல என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் இருந்ததும் முதலாளி கொடுத்த வீடுதான். அச்சாபீசுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தகடு கழுவுகிற இடம், இந்தப் பக்கம் எங்கள் கிணறு. குடிக்கிற தண்ணீரைத் தெருக்கோடி நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து அம்மா சுமந்து வருவாள். குளிக்க, துவைக்க, சோறு பொங்க எல்லாம் வீட்டுக் கிணறுதான். கிணற்றையொட்டி, இறைத்த தண்ணீரை ஊற்றி வைக்க ஒரு கல்தொட்டி. அதில் கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தோம். தொட்டிச் சுவரில் பச்சைப் பாசி வழுவழுவென்று இருக்கும், அதில் நத்தைகள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மேயும்.

எட்டாம் வகுப்பில் இருக்கும்போது பெரியவளானேன். தகவல் போனதும் அப்பாவுடைய அக்கா, என் அத்தை, திருத்தங்கலிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். ஆமத்தூரிலிருந்து தாய்மாமா பச்சைத் தென்னங்கீற்றோடு வந்து, கல்தொட்டிக்கு எதிரே குச்சுக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார். எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தே என்னை ஒரு வழி பண்ணினார்கள். ஆண்கள் முகத்தில் முழிக்கக் கூடாது, அப்பா உட்பட.

இதெல்லாம் எல்லாரும் பட்டதுதான், பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு ஒரு வாக்கு இருந்தது. எங்கள் தெருவில் பெரியவளான எந்தப் பிள்ளையும் மறுபடி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா மட்டும் அத்தையிடம், "தண்ணி ஊத்துன கையோட அவ பள்ளிக்கூடம் போகட்டும்க்கா. படிக்கிற பிள்ளை" என்று சொல்லிவிட்டார். குச்சுக்குள் இருந்து என் காதாலேயே கேட்டேன். அந்த மனுசன் அப்போது எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளும் வந்தது. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், மாமா போட்ட மாலை. அம்மா கிணற்றில் இறைத்த தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி மஞ்சள் கரைத்தாள். அத்தை சுண்ணாம்பை விட்டாள். விழுந்த இடத்தில் சிவப்புச் சுழித்தது. விரலால் கலக்கியதும் மறுபடி மஞ்சளாகவே ஆகிவிட்டது.

குலவையிட வாயைக் குவித்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

"ஏத்தா, சுண்ணாம்பு பழசோ?" என்றாள் அத்தை. வேறு சுண்ணாம்பு வந்தது. சுழித்தது, மறைந்தது.

"இன்னுங் கொஞ்சம் போட்டுப் பாப்பமே மதினி" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"துளிதான் கணக்கு. அள்ளிப் போட்டுச் செவக்க வைக்க இது என்ன சாயப்பட்டறையா? செவக்கலைன்னா பிள்ளைக்கு என்னமோ பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"அப்ப நல்லதண்ணிக் கிணத்துல இருந்து..."

"பிறந்த வீட்டுத் தண்ணியில செவக்கணும். ஊரான் தண்ணியில செவந்தா அது ஊரான் பிள்ளைக்கு."

அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. ஆலாத்தி சிவக்கிற வரைக்கும் நான் குச்சை விட்டு வரக்கூடாது. வெள்ளிக்கு வெள்ளி எடுத்துப் பார்ப்பது. கனகாம்பரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடியும் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், அழுது அழுது தொண்டை கட்டிப்போயிற்று.

அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பெரியவளானபோது அறுவடை நேரம் என்று அவசரமாக வெளியே விட்டுவிட்டார்களாம். பிறகு பெற்ற பிள்ளைகளில் இரண்டைப் பறிகொடுத்தாள். அந்த அவசரத்தால்தான் இந்தக் கதி என்று அவளாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ராத்திரி என் குச்சு வாசலிலேயேதான் முந்தானையை விரித்துப் படுப்பாள். "ஒனக்கு ஒண்ணும் ஆகாதுத்தா, நான் இருக்கேன்" என்பாள். அவள் அன்பே எனக்கு வேலியாகிப் போனது.

குச்சுக்குள் இருந்தால் என்ன தெரியும்? வாசல் அளவு வெளிச்சம். அதில் கல்தொட்டி, அதற்குப் பின்னால் மதில். மதிலுக்கு அப்பால் மெஷின் ஓடுகிற சத்தம். சீசன் சூடு பிடித்திருந்தது. லேபிள் ஆர்டர் குவிகிறது என்று அப்பா இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருவார். சாயங்காலமானால் மதிலுக்கு அந்தப் பக்கம் வாளி வாளியாகக் கொட்டுகிற சத்தம் கேட்கும். மூக்கில் ஒரு காந்தல் ஏறும். பக்கத்தில் மத்தாப்பு மருந்து காய்கிற வாடை என்று நினைத்துக்கொள்வேன்.

நாள் முழுக்கப் பார்க்க வேறு இல்லாததால் தொட்டியைப் பார்த்தேன். முதலில் தண்ணீர் தெளிந்தது. அடியில் கிடக்கிற மணலைக்கூட எண்ணிவிடலாம், அப்படித் தெளிவு. பச்சைப் பாசி பழுத்து, உரிந்து, ஒரு நாள் காணாமல் போனது.

"பாத்தியா, கிணறு எம்புட்டுச் சுத்தமாயிருச்சு! கண்ணாடிதான் போ" என்று அத்தைக்கு ஒரே பெருமை.

பெருமைக்கு அது மட்டுமா காரணம்? பித்தளைக் குடம் புளி போட்டுத் தேய்க்காமலே பளபளவென்று மின்னியது. பொங்கிய சோறு என்றைக்கும் இல்லாத வெள்ளையாக இருந்தது. "நல்ல நேரம் வருதுத்தா இந்த வீட்டுக்கு. ஒனக்கு மட்டும் அந்தத் தோசம் கழியணும்" என்றாள். நல்ல நேரமாம்! எனக்குக் குளித்தால் கண் எரியும், தோல் வறண்டு அரிக்கும். எண்ணெய் பற்றவில்லை என்று இன்னும் ஒரு கை எண்ணெயை ஊற்றிவிட்டுப் போவாள்.

மீன்கள்தான் என்னை உலுக்கின. எப்போதும் அடியில் ஒளிகிற சாதி அது. நிழல் பட்டாலே ஓடும். அவை எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. செவுளோரம் வெள்ளையாக ஒரு கோழை. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது, மறுநாள் காக்கா கொண்டு போயிற்று. அடுத்தது போயிற்று. நத்தைகள் ஒட்டியிருந்த பிடியை விட்டு உதிர்ந்தன. கையெட்டுகிற தூரத்தில் ஒன்று கிடந்தது. எடுத்தேன். ஓடு சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்திருந்தது. லேசாக அமுக்கியதும் அப்பளம் போல நொறுங்கிவிட்டது. கொசுப்புழு மட்டும் ஜோராக நெளிந்துகொண்டிருந்தது, அதற்கென்ன கேடு, தின்ன மீன் இல்லையே. கடைசியாக ஒரே ஒரு கெண்டை மிச்சம். அது தொட்டியின் நாலு மூலைக்கும் போய்ப் போய் முட்டித் திரும்பும். அதையும் என்னையும் ஒன்றாகத்தான் அடைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அந்த வாரத்தில்தான் எங்கள் டீச்சர் வந்தார்கள். வாசலில் அவர்கள் குரல் கேட்டதும் குச்சுக்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

"பிள்ளையை எப்ப அனுப்புவீக? காலாண்டுப் பரீட்சைக்கும் வரலைன்னா பேரை எடுத்துருவாங்கம்மா. பிறகு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள்.

"இன்னும் செவக்கல டீச்சர்" என்றாள் அத்தை.

"என்னது செவக்கல?"

"அது ஒங்களுக்குப் புரியாது. நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. மோர் குடிக்கீகளா?"

டீச்சர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். கத்திக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்ல? எனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று எனக்கே தெரியாதே.

தெரிந்தது ஒரு துண்டால். தினமும் மஞ்சள் பூசிக் குளித்ததால் என் துண்டெல்லாம் மஞ்சள் கறை. அன்றைக்குச் சும்மா இருக்க முடியாமல் நானே பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும், துணி துவைத்த எல்லாருக்கும் தெரியும். சிவந்தது. தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளி விட்டேன். பொசுக்கென்று மஞ்சளாகிவிட்டது. குடிக்க வைத்திருந்த நல்லதண்ணியைச் செம்பிலிருந்து இன்னொரு பக்கம் விட்டுப் பார்த்தேன். சிவப்பு அப்படியே நின்றது. எலுமிச்சைச் சாறு பட்டால்தான் சிவந்த கறை இப்படி மஞ்சளாக ஓடும். வகுப்பில் டீச்சர் நீலத்தாளை எலுமிச்சம்பழத்தில் தொட்டுக் காட்டி, புளிப்புக்கு இது சிவக்கும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அங்கே சிவக்கிறது, இங்கே மஞ்சளாகிறது, ஆனால் இரண்டையும் புரட்டுவது ஒரே புளிப்புத்தான். தொட்டித் தண்ணீரை நுனிநாக்கில் வைத்தேன். பல் கூசியது.

எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கிணற்றுக்குத்தான் பிடித்திருந்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

"அத்தை, தண்ணி புளிக்குது! அதான் செவக்கல!"

"இந்த நேரத்துல அப்படித்தான் இருக்கும். நாக்குச் செத்துப் போகும், எதைத் தொட்டாலும் புளிக்கும். நான் பெரியவளானப்ப எனக்குப் பாலே கசந்துச்சு."

அம்மா மட்டும் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தாள். துப்பினாள். மதிலைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அப்பாட்டச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா வேலைக்குக் கிளம்புகிற நேரம். ஓலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். முகம் தெரியாது. கீற்று இடுக்கில் தரையை ஊன்றியிருந்த அவர் கை மட்டும் தெரிந்தது.

"அப்பா, தண்ணி புளிக்கு. மீனெல்லாம் செத்துருச்சு. நத்தை ஓடு கரையுது. சுண்ணாம்பு அதுல நிக்க மாட்டேங்கு. எனக்கு ஒண்ணும் இல்லப்பா, தண்ணிதான் கெட்டுப் போச்சு."

அவர் கை தரையில் கிடந்த ஓர் ஈர்க்கைப் பொறுக்கி ஒடித்தது.

"ஆசிட்டு தண்ணிதான? மதிலுக்குப் பின்னால கொட்டுதீகளே?"

அந்த மஞ்சள் விரல்கள் மண்ணைக் கீறின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு இது புதுச் செய்தி இல்லை. முதல் ஆலாத்தி திரும்பின அன்றைக்கே அவருக்குத் தெரியும். பிழைப்பே திராவகத்தில் என்று ஆன மனுசனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

"யார்ட்டயும் சொல்லாதத்தா."

"அத்தைகிட்டச் சொல்லுங்கப்பா. என்னைய விட்டுருவா."

"அக்காகிட்டச் சொன்னா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா மொதலாளிக்குத் தெரியும். சீசன் நேரத்துல பிளேட்டுக்காரன் கெணத்தக் கெடுத்துட்டான்னு பேச்சு வந்தா, வேலையும் போகும், இந்த வீடும் போகும். மதிலோரம் குழி தோண்டி ஊத்தச் சொன்னது அவுக. ஊத்துறது நான். மாட்டுறதும் நான்தான்." கையை ஊன்றி எழுந்துகொண்டே, "பொறுத்துக்கோ" என்றார்.

பொறுத்துக்கோவாம். அந்தக் கீற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஊரே என்னைத் தோசம் பிடித்தவள் என்கிறது, என்னைப் பெற்றவர் அது பொய்யென்று தெரிந்தும் வேலைக்குப் போகிறார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கடைசிக் கெண்டையும் மல்லாந்தது. அதை எடுத்துப் போடக்கூட எனக்குக் கை வரவில்லை.

இப்போது நினைத்தால் அவரும் வேறொரு குச்சுக்குள்தான் இருந்தார் என்று தெரிகிறது. அன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வயசா எனக்கு? அன்றைக்குக் கோபம், கோபம், அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை முதலாளி வீட்டம்மாவும் வந்திருந்தார்கள். பிளேட்டுக்காரர் மகளுக்கு என்னமோ கழிய மாட்டேனென்கிறதாம் என்று கேள்விப்பட்டு, தட்டில் பழமும் ஒரு சேலையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மனுசி. மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அம்மா வாளியை எடுக்கப் போனாள். அப்பா, "நீ விடு. நான் எறைக்கேன்" என்றார். ஆம்பளை எதற்கு இதில் நுழைகிறான் என்று பெண்கள் சிரித்தார்கள். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். பெண்களுக்குக் குச்சு மறைத்தது, இடுக்கில் எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. வாளியை உள்ளே விட்டு இறைத்தார். இறைத்ததைச் சத்தம் வராமல் வாழை மூட்டில் சாய்த்தார். தொட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த மண்பானையைத் திறந்து, அதிலிருந்து செம்பை நிரப்பிக்கொண்டு முன்னால் போனார். தெருக்கோடிக் கிணற்றுத் தண்ணீர். எப்போது போய்க் கொண்டுவந்து வைத்தாரோ.

அத்தை சுண்ணாம்பை விட்டாள். விரல் வைக்கும் முன்பே, குச்சு வாசலில் என் கண்ணெதிரே, தாம்பாளம் முழுக்கச் சிவந்தது.

குலவைச் சத்தத்தில் காது அடைத்துப் போனது. அத்தை "என் ஆத்தா! என் ஆத்தா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய்ச் சிவப்புத்தான், எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் குச்சை விட்டு வெளியே கால் வைத்தபோது வெயில் பட்டு உடம்பெல்லாம் கூசியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம், பரீட்சை, என் பெஞ்சு, என் இடம். இனி யாரும் என்னைத் தடுக்க முடியாது.

ஆனால் சடங்கு முடியவில்லை. வெளியே வந்த பெண் தன் கையால் வீட்டுக் கிணற்றில் இறைத்து, முதல் தண்ணீரைத் தகப்பனுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அதை அப்பா மறந்திருந்தார் என்று நினைக்கிறேன். அத்தை வாளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தை அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

இறைத்தேன். அவ்வளவு தெளிவான தண்ணீர். வெள்ளி டம்ளரை நிரப்பினேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள், முதலாளி வீட்டம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டம்ளரை நீட்டாமல் நின்றேன்.

"அப்பா, இது கெணத்துத் தண்ணி" என்றேன்.

"தெரியும்த்தா. குடு."

இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்திருக்கலாம், சடங்குக்கு அது போதும். அவர் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அடித்துளி வரைக்கும் குடித்துவிட்டு, வெறும் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"என்னலே தம்பி," என்று அத்தை சந்தோசமாகக் கேட்டாள், "மக கையால குடிச்ச தண்ணி எப்படி இருக்கு?"

அப்பா நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்தார்.

"இனிக்குக்கா" என்றார்.